எட்டாவது சர்வர்

நேயர்களுக்கு வணக்கம். கிளவுட் சர்வர்களை, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளை, கையால் அமைக்காமல் கருவிகளிடம் ஒப்படைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கருவிகளின் பெயர்களுக்குப் போகும் முன் அமெரிக்கப் பங்குச் சந்தையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையில் சில்லறை முதலீட்டாளர்களுக்காகப் புதிய ஏற்பாடு ஒன்று தொடங்கிய நாள். அதில் பங்கெடுக்க, நைட் கேபிடல் என்ற வர்த்தக நிறுவனம் தன் மென்பொருளை மாற்றியிருந்தது. ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் அந்த மென்பொருள் எட்டு சர்வர்களில் ஓடியது. முந்தைய நாட்களில் ஓர் ஊழியர் புதிய நிரலை ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழில் ஏற்றியாயிற்று, ஒன்று விட்டுப்போனது. வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதி எதுவும் அங்கே கிடையாது.

விட்டுப்போன சர்வரில், 2003-லேயே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்ட ஒரு பழைய பகுதி அழிக்கப்படாமல் கிடந்தது. அதை முடுக்கிவிடும் அதே குறியீட்டைத்தான் புதிய நிரல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சந்தை திறந்தது. ஏழு சர்வர்களும் ஒழுங்காக வேலை பார்க்க, எட்டாவது மட்டும் நிறுத்தாமல் வாங்கியும் விற்றும் தள்ளியது. வந்தவை வெறும் 212 வாடிக்கையாளர் ஆர்டர்கள். அவற்றை வைத்து 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் என்னை அதிகம் பாதிப்பது அடுத்து நடந்ததுதான். பதற்றத்தில், புதிய நிரல்தான் கோளாறு என்று நினைத்து, அதைச் சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள். ஏழும் எட்டாவதைப் போலவே ஆகிவிட்டன. எந்த சர்வர் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருக்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு சர்வர்களும் எப்படி இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதி, அதன்படி இருக்கின்றனவா என்று ஓர் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், விட்டுப்போனது சந்தை திறக்கும் முன்பே தெரிந்திருக்கும். இந்தக் கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பத்து சர்வரும் ஒன்றுபோல இருக்கின்றன என்று நம்பிச் சொல்ல முடிகிறதே, எனக்கு அதுதான் பெரிது.

இந்த யோசனை கிளவுடுக்கு முந்தியது. 1993-ல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் என்ற இயற்பியலாளர், வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த, யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளைக் கட்டி மேய்க்க சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். அதன் அடிப்படையை இப்படிச் சொல்லலாம். ஆட்டோக்காரரிடம் "நேராப் போங்க, லெஃப்ட் எடுங்க" என்று வழி சொல்வது ஒரு வகை. "சென்ட்ரல் ஸ்டேஷன்" என்று இடத்தைச் சொல்வது இன்னொரு வகை. ஏற்கெனவே சென்ட்ரல் வாசலில் நிற்கும் வண்டிக்கு முதல் வகையில் வழி சொன்னால் அது வேறெங்கோ போய் நிற்கும். இரண்டாம் வகையில் சொன்னால் அங்கேயே இருக்கும். கட்டளைகளை வரிசையாக அடுக்கி நாம் வழக்கமாக எழுதும் ஷெல் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை முதல் வகை. இந்தக் கருவிகள் இரண்டாம் வகை. இணையதளங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் வேண்டுமானால், "என்ஜின்எக்ஸ் நிறுவப்பட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று எழுதினால் போதும். இல்லாத இடத்தில் நிறுவும், இருக்கிற இடத்தில் கை வைக்காது.

2006-ல் அமேசான், சர்வர்களை வாடகைக்குத் தரும் தன் ஈசி2 சேவையைத் தொடங்கியதும் சர்வர் வாங்குவது சில நிமிட வேலை ஆனது. எண்ணிக்கை ஏறியது. 2005-லேயே வந்திருந்த பப்பெட்டைத் தொடர்ந்து கருவிகளும் வரிசையாக வந்தன: 2009-ல் செஃப், 2011-ல் சால்ட், 2012-ல் அன்சிபிள். பப்பெட்டுக்கு ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற ஒரு சிறு நிரல் எப்போதும் இருக்க வேண்டும்; தானாக அரை மணிக்கு ஒருமுறை நிலையைச் சரிபார்க்கும். அன்சிபிளுக்கு ஏஜென்ட் வேண்டாம். தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிடும். நான்கைந்து பேர் உள்ள குழுவுக்கு அன்சிபிளே போதும் என்பேன். சர்வரையே புதிதாக உருவாக்குவது, நெட்வொர்க் அமைப்பது எல்லாம் 2014-ல் வந்த டெராஃபார்மின் வேலை. 2023-ல் அதன் உரிம விதிகளை மாற்றிவிட்டார்கள். அதில் உடன்படாதவர்கள் அதன் நிரலைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்ப்பதுதான் ஓப்பன்டோஃபு.

சரி, கருவி வந்தால் ஆபத்து போய்விடுமா? 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் ஓர் ஊழியர், சில சர்வர்களை மட்டும் விலக்கும் கட்டளையில் ஓர் அளவைத் தவறாகத் தட்டினார். தேவைக்கு மேல் பல சர்வர்கள் விலகி, எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் படுத்துவிட்டது. அதை நம்பியிருந்த ஏராளமான இணையதளங்களும் தடுமாறின. பிழையையும் கருவி அதே வேகத்தில் பரப்பும். பிறகு அமேசான் அந்தக் கருவியை மெதுவாக்கியது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே சர்வர்களை விலக்க முடியாதபடி தடுப்பும் வைத்தது. அன்சிபிளில் 'சீரியல்' என்று ஒரு வசதி உண்டு: நூறு சர்வர் இருந்தால் ஐந்து ஐந்தாகப் போகச் சொல்லலாம், முதல் ஐந்தில் கோளாறு என்றால் நிறுத்திவிடலாம். இதைப் பலர் வைப்பதே இல்லை.

இன்னொரு தலைவலி, ராத்திரி இரண்டு மணிக்கு நேரே லாகின் செய்து ஒரு வரியை மாற்றுகிறவர்கள். அவசரத்துக்கு அது தேவைப்படும், தப்பில்லை. மறுநாள் காலை அந்த வரியைக் கருவி படிக்கும் கோப்பிலும் எழுதாவிட்டால்தான் வினை: அடுத்த முறை கருவி ஓடும்போது அந்தத் திருத்தத்தை அழித்துவிடும், பழைய கோளாறு திரும்ப வரும்.

தொடங்க நினைப்பவர்கள், உடைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அமைப்பை ஒரு கோப்பில் எழுதி, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருளில் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அப்படியே எழுதாமல் ரகசியங்களை மறையாக்கம் செய்யும் அன்சிபிள் வால்ட்டில் பூட்டி வையுங்கள். முதலில் 'செக்' முறையில் ஓட்டி, என்னென்ன மாறப் போகிறது என்று பாருங்கள். அப்புறம் நிஜமாக ஓட்டுங்கள். முடிந்ததும் எதையும் தொடாமல் உடனே இன்னொரு முறை ஓட்டுங்கள். மாற்றங்கள் பூஜ்யம் என்று வர வேண்டும். வரவில்லை என்றால், கோப்பில் எங்கோ நீங்கள் இடத்தைச் சொல்லாமல் வழி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வரியைத் தேடித் திருத்திய பிறகு இரண்டாவது சர்வருக்குப் போகலாம். நன்றி, வணக்கம்.