தெருவை அகலப்படுத்தினால் பழைய நகரம் பிழைக்குமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய நகரத்தின் நெரிசல் என்றாலே ஓடும் வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்று நிற்கும் வண்டிகளிலிருந்து தொடங்குவோம். ஓரமாக நிறுத்திய கார் ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்தை அடைத்துக்கொள்ளும். 6 மீட்டர் தெருவில் இருபக்கமும் கார் நின்றால் நடுவே மிஞ்சுவது 2 மீட்டர். எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் நகர முடியாது, சுமார் 2.5 மீட்டர் அகலமுள்ள தீயணைப்பு வண்டி நுழையவே முடியாது. ஆட்கள் நடந்தும் சுமந்தும் புழங்கிய காலத்தில் விட்ட தெரு அது.

அகலப்படுத்தலாமே என்பார்கள். பழைய வீடுகளில் சுவர்தான் பாரம் தாங்குகிறது. முகப்பை வெட்டினால் உத்தரங்கள் உட்கார்ந்திருக்கும் சுவரே போய்விடும். பொதுச்சுவர் உள்ள அடுத்த வீடும் விரிசல் விடும். இவ்வளவும் இழந்து பெற்ற இடம் சில ஆண்டுகளில் மறுபடி நிரம்பிவிடுகிறது. வழி லேசானதும், இதுவரை வேறு பாதையில் போனவர்களும் இங்கே திரும்புகிறார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சேதம் உண்டு: சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 4, 5 சென்டிமீட்டர் புதுத் தார் போடுகிறார்கள். நான்கு முறை போட்டால் வாசலில் ஒரு படி புதைந்துவிடும். தெருவுக்கு ஓட வேண்டிய மழைநீர் வீட்டுக்குள் திரும்பும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அந்த ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சும். ஈரத்தோடு உப்பும் ஏறும். நீர் உலர்ந்ததும் உப்பு படிகமாகி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் பெரிய தவறு. சிமெண்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். சாலையில் எத்தனை சென்டிமீட்டர் புதுத் தார் போடப்போகிறோமோ, அத்தனை பழைய தாரை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் வாசற்படியின் மட்டத்தை அளக்க வேண்டும். பூச்சுக்குச் சுண்ணாம்பே போதும்.

சாலைக்கு வண்டிகளின் எண்ணிக்கையை விட எடை கொடியது. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த கணக்குப்படி, வண்டியின் சக்கர அச்சு தாங்கும் பாரம் இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் 16 மடங்காகிறது. முதலில் தடுக்க வேண்டியது கனரக வண்டியைத்தான்.

வண்டியே இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இத்தாலியின் வெனிஸைப் பாருங்கள். தீவு நகரத்துக்குள் கார் ஓடுவதில்லை. ஆனால் கால்வாய்களில் ஓடும் மோட்டார் படகுகள் கிளப்பும் அலை கரைச்சுவர்களை அரிக்கிறது. 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த அந்த மையப்பகுதியில் 2022இல் 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் பயணிகளுக்கான வாடகை அறைகளாயின. 2024இல் குறிப்பிட்ட நாள்களில், ஒருநாள் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. தொலைவிலிருந்து வந்தவரை 5 யூரோ திருப்பி அனுப்பாது. முன்பதிவால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும், அதுவே அதன் பயன். குடியிருப்போரின் வீடுகளைக் காப்பாற்றாமல் வாசலில் கட்டணம் வாங்குவதை நான் தீர்வாகக் கொள்ளமாட்டேன்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் வேறு வழி பிடித்தது. மையத்தைச் சுற்றி 6 பிரிவுகள் வகுத்தார்கள். சுற்றுச்சாலையிலிருந்து எந்தப் பிரிவுக்கும் காரில் போகலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மறுபடி சுற்றுச்சாலைக்கு வர வேண்டும். குறுக்கு வழியாக ஊரைக் கிழித்துக்கொண்டு போவது அதோடு நின்றது.

இதைச் செய்ய நினைக்கும் ஊர் முதலில் நுழைவிலும் வெளியேறும் இடத்திலும் வண்டி எண்களைக் குறிக்கட்டும். ஒரு பக்கம் நுழைந்து கால்மணி நேரத்தில் மறுபக்கம் வெளியேறும் வண்டிக்கு ஊருக்குள் வேலையே இல்லை. அதை நிறுத்தினால் உள்ளூர்க் கடைக்காரருக்கு இழப்பு மிகக் குறைவு. அடுத்து சரக்கு இறக்க விடியற்காலை நேரம். நாள்முழுதும் நிற்கும் வண்டிகளை ஊர் விளிம்புக்கு மாற்றுவது அதற்குப் பிறகுதான். விளிம்பிலிருந்து அடிக்கடி பேருந்து ஓடாவிட்டால், ஒரே மாதத்தில் வண்டிகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கார் நுழையாமல் நடும் தடுப்புத் தூண்களுக்கிடையே சக்கர நாற்காலி புக இடைவெளி விட்டால் மோட்டார் சைக்கிளும் புகும். அங்கே கேமராவும் அபராதமும் வேண்டும்.

வண்டியை நிறுத்திய தெருவிலும் ஆட்களின் நெரிசல் உண்டு. திருவிழா நாளில் 1 மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 பேர்தான் கடக்க முடியும். சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல் நெருங்கினால் யாரும் தன் விருப்பப்படி நடக்க முடியாது. கூட்டம் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான். ஆகவே அளக்க வேண்டியது தெருவின் சராசரி அகலத்தை அல்ல, மிகக் குறுகிய இடத்தை: திருப்பத்தை, வளைவு வாயிலை, கடை முன்னால் நீட்டிய படியை.