நடுத்துண்டு யாருக்கு?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சத்துணவு பற்றிப் பேசச் சொன்னார்கள். கீரையில் இரும்புச்சத்து, முட்டையில் புரதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் மீன் குழம்பிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீடு முதுநகரில். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா துறைமுகத்திலிருந்து வஞ்சிரம் வாங்கி வருவார். மற்ற நாளெல்லாம் மத்திதான். மத்தியில் வம்பில்லை, ஆளுக்கு நாலு. வஞ்சிரம் வந்தால்தான் கணக்கு வரும். தலை அப்பாவுக்கு. நடுத்துண்டு அண்ணன்கள் இரண்டு பேருக்கு. வாலை ஒட்டிய துண்டு எனக்கு, வால் அம்மாவுக்கு. யாரும் சட்டம் போடவில்லை, அம்மாவின் கரண்டி தானாக அப்படிப் போகும். எல்லாரும் எழுந்த பிறகு அம்மா குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைவார். எனக்கும் ஓர் உருண்டை கிடைக்கும். அந்த ருசி வேறெங்கும் கிடையாது. ஆனால் அந்த உருண்டையோடு இன்னொன்றையும் விழுங்கியிருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ருசி பழக ஆரம்பித்துவிடுகிறது. 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தார்களாம். நம் வளைகாப்பில் விதவிதமாகச் சோறு கிளறி வைக்கிறோமே, யாருக்காக என்று இப்போது யோசித்துப் பாருங்கள்! பிறந்த பிறகும் அப்படித்தான். புதுக் காயைப் பிள்ளை ஏற்க எட்டுப் பத்து தடவைகூட ஆகலாம். நாம் இரண்டாவது தடவையிலேயே “இவனுக்குப் பாகற்காய் ஆகாது” என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

அப்புறம் இந்த “தட்டைக் காலி பண்ணு” விவகாரம். அது பசி பார்த்தவர்களின் வார்த்தை, நான் கேலி செய்ய மாட்டேன். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. தோப்பு போன வீட்டில் ஒரு பருக்கை சிந்தினாலும் மனசு பதறும். ஆனால் வயிறு நிரம்பிப் பிள்ளை வாயைத் திருப்பும்போது, செல்போனைக் காட்டி ஏமாற்றி இன்னும் நாலு வாய் திணிக்கிறோம். போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்காமல் இருக்க நாமே பழக்குகிறோம். பக்கத்தில் வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அது பசித்தவருக்கான அடுப்பு. பசிக்காத வாயில் திணிப்பதை அந்தப் புண்ணியக் கணக்கில் சேர்க்க முடியாது.

சரி, பால்வாடிக்கு வருகிறேன். நாலு வயசுப் பெண் ஒருத்தி. சோற்றைச் சாப்பிடுவாள், முட்டையை மட்டும் பாவாடை மடிப்பில் சுருட்டி வைத்துக்கொள்வாள்.

“ஏம்மா, பிடிக்கலையா?”

“அண்ணனுக்கு.”

“அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துலயே முட்டை போடுவாங்களே.”

கொஞ்சம் யோசித்தாள். “எங்க வீட்டுல அண்ணன்தான் டீச்சர் முட்டை சாப்பிடும்.”

அவளுக்கு முட்டை பிடிக்கும். முட்டை தனக்கானது இல்லை என்பதும் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அண்ணன் மேல அவ்வளவு பாசம்” என்று பெருமையாகச் சிரித்தார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் முட்டையை ரசித்துத் தின்னும் இரண்டு பயல்களுக்கு நடுவில் அவளை உட்கார வைத்தேன். வற்புறுத்தவில்லை. பத்துப் பதினைந்து நாளில் ஒரு மதியம் வெள்ளையை மட்டும் பிட்டுத் தின்றாள். மஞ்சள் கரு அன்றைக்கும் மடிப்புக்குள்தான் போனது.

உங்களுக்குச் சொல்கிறேனே தவிர, என் கதையையும் கேளுங்கள். கல்யாணமாகிப் போன வீட்டில் வால் எனக்கு வந்தது. இப்போது அவரும் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நான் ஒருத்திதான். போன வாரம் ஆசைப்பட்டு அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், கரண்டி நடுத்துண்டை ஒதுக்கிவிட்டு வாலைத்தான் எடுக்கிறது.