பலகாரக் கவரில் உங்கள் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை போட்டு விற்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: "கவரை நாங்களா செய்தோம்? குப்பைக்கு எங்களிடம் ஏன் கணக்குக் கேட்கிறார்கள்?"

கவரில் இருப்பது உங்கள் பெயர், அதனால்தான். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் உங்களை 'பிராண்டு உரிமையாளர்' என்கின்றன. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம், சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்கின் எடைக்கு இவ்வளவு கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பியாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. இணையதளத்தில் பதிவு, ஆண்டுக் கணக்கு எல்லாம் உண்டு. தானே சேகரிக்க முடியாதவர், பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

பயந்துவிடாதீர்கள். குறு, சிறு நிறுவனமாக இருக்கும் பிராண்டு உரிமையாளருக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனம் என்றால் முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி ரூபாய்க்குள். நம் ஊர் அடுப்படிகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். குறு, சிறு நிறுவனம் என்று பதிவு செய்ததற்கான உத்யம் சான்றை மட்டும் எடுத்து வையுங்கள். "நாங்க சின்னக் கடைதான்" என்று வாயால் சொன்னால் போதாது.

ஆனால் தடைக்கு இந்தச் சலுகை இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப்பையும், உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் கூடாது. கடை எவ்வளவு சின்னதானாலும் கூடாதுதான்.

சரி, கவருக்கு வருவோம். என் கவலையெல்லாம் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய கவர்தான். காற்று, வெளிச்சம் இரண்டையும் தடுக்கும்; முறுக்கு நமத்துப்போகாது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காது. சிங்கப்பூருக்குப் போகிற பார்சலுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பழைய இரும்புக் கடைக்காரர் டப்பாவை எடுப்பார், இதைத் தொடமாட்டார். ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க முடியாது, விலையும் இல்லை. மிஞ்சினால் சிமெண்டு ஆலைச் சூளைக்குப் போகும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழியில் தார்ச்சாலைக்கும் போகலாம். இரண்டையுமே விதிகள் மறுசுழற்சியாக எண்ணுவதில்லை. கடைசிக்கட்ட அகற்றல் என்றுதான் வைத்திருக்கின்றன.

பத்து நாளில் தின்று தீரும் உள்ளூர்ச் சரக்குக்கு இந்தக் கவர் எதற்கு? ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கவர் தாராளமாகப் போதும். ஓலையில் பின்னிய கூடையான கொட்டானுக்கே திரும்பலாமே என்கிறார்கள் சிலர். கல்யாணச் சீருக்கு அழகாக இருக்கும். காற்றுப் புகுமே, முறுக்குக்கு ஆகாது.

அடுத்த ஆர்டருக்கு முன் கவர் வியாபாரியிடம் கேளுங்கள்: ஒரே பிளாஸ்டிக்கா, அலுமினியம் சேர்ந்ததா? தயாரித்தவரின் பதிவு எண் என்ன? 2025 ஜூலை 1 முதல் அந்த விவரத்தைக் கியூஆர் குறியீடாகவும் போடலாம். டிசைன் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். கவரில் அச்சடிக்கும் சிலிண்டரை வெட்டிய பிறகு மாற்றினால் அதற்கும் தனியாகக் காசு கேட்பார்கள்.