சாமிக்கு ஆர் வக்காலத்து? – மத நிந்தனைச் சட்டம் வேண்டாம் அணி, என்ர பேச்சு

நடுவர் ஐயா, சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால பேசின தங்கச்சி, சாமியைப் பேசினா மறியல் எண்டு ஒரு சட்டம் இல்லாட்டி நாளைக்கு கோயிலை உடைப்பாங்கள் எண்டு சொன்னவ. கோயில் உடைக்கிறது வேற கேஸ் தங்கச்சி, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில 290ஆம் பிரிவு அதுக்கெண்டே இருக்கு, அது கிடக்கட்டும். நான் வேண்டாம் எண்டுறது அடுத்து வாற 291ஏ, 291பி, அதான் மத உணர்வு புண்பட்டுது எண்டு பிடிக்கிற பிரிவுகள். அந்தச் சட்டக்கோவையை எங்களுக்குத் தந்த வெள்ளைக்காரனே தன்ர இங்கிலாந்தில இருந்த மத நிந்தனைக் குற்றத்தை 2008லயே தூக்கிப்போட்டான்.

2019 மே மாசம், ஈஸ்டர் குண்டு வெடிச்சு ஒரு மாசம் கூட ஆகேல்ல. ஹசலக்கையில ஒரு பொம்பிளை போட்டிருந்த உடுப்பில ஒரு சில்லு, அது தர்மசக்கரம், பௌத்தத்தை அவமதிச்சிட்டா எண்டு பொலிஸ் கொண்டுபோனது. அது கப்பல்ட சுக்கான் ஐயா! மாலுமி பிடிச்சுத் திருப்புவாரே, சுத்திவரக் கைபிடி நீட்டிக்கொண்டு நிக்குமே, அது. ரெண்டு கிழமைக்கு மேல உள்ள இருந்தவ. இப்ப சொல்லுங்கோ, அங்க புண்பட்டது புத்தரா, இல்ல உடுப்பை உத்துப்பாத்த ஆக்களா?

சட்டம் இருந்தா சனம் கையில எடுக்காது எண்டும் ஒரு பொயின்ட் வந்தது. பாகிஸ்தான்ல நபியை நிந்திச்சா மரண தண்டனை, அதைவிட இறுக்கமா என்ன சட்டம் போடப்போறம்? 2021 டிசம்பர்ல சியால்கோட்ல எங்கட நாட்டு பிரியந்த குமார, ஃபக்டரி மனேஜர், மத வாசகம் இருந்த போஸ்டரைக் கிழிச்சார் எண்டு சொல்லி கும்பல் அடிச்சுக் கொலைசெய்து உடம்பையும் எரிச்சது, ஒருத்தரும் கோர்ட்டுக்குப் போக நினைக்கேல்ல, ஏனெண்டா இந்தக் குற்றத்துக்குச் சாவுதான் எண்டு சட்டமே முதல்ல சொல்லி வச்சிருக்கு. (கட்டுநாயக்காவுக்கு பெட்டி வந்த அண்டைக்கு இங்க அழாத வீடு இருந்ததோ?)

கடைசியா ஒண்டு ஐயா, மணி அடிக்க முதல் சொல்லிடுறன். தேவாரம் பாடின சுந்தரர், ரெண்டு கண்ணும் போய் ஒண்டு மட்டும் திரும்பக் கிடைச்ச நேரம், திருவாரூர்ல நிண்டு சிவனைப் பாத்து "வாழ்ந்து போதீரே" எண்டு பாட்டுக்குப் பாட்டு ஏசினவர், நல்லா இருந்திட்டுப் போம் எண்டு. இண்டைக்கு வெள்ளவத்தையில நிண்டு அப்பிடிப் பாடினா ஆரோ ஒருத்தர் ஃபோன்ல வீடியோ எடுத்துக்கொண்டு பொலிசுக்கு ஓடுவார். சிவன் என்ன செய்தவர்? மற்றக் கண்ணையும் குடுத்தவர்.

மணி அடிச்சிட்டீங்கள், நான் இருக்கிறன்.