லினக்ஸ் ரெய்டு தொடங்க மறுக்கிறதா? முதலில் டிஸ்குகளைப் படியுங்கள்

(திரையில்: கறுப்புப் பின்னணியில் பூட் வரிகள் ஓடுகின்றன)

வணக்கம். சர்வரை இயக்கியாயிற்று. வரிகள் ஓடுகின்றன. ஓரிடத்தில் நின்று, 90 விநாடி காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடு என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறது. மவுன்ட் ஆக, அதாவது பயன்பாட்டுக்கு வர வேண்டிய ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த சேமிப்பு) வரவே இல்லை. நான்கு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5, உள்ளே அலுவலகத்தின் கோப்புகள் மொத்தமும். பேக்கப் எப்போது எடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை. இந்த நிலையில் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்று பார்ப்போம்.

நமக்கு வேண்டிய கருவி, லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம். நீல் பிரவுன் எழுதியது. அதன் கட்டளைகளில் சில டிஸ்கைப் படிக்க மட்டும் செய்யும். மற்றவை டிஸ்கில் எழுதும். கெட்டுப்போன டிஸ்கைவிட, பதற்றத்தில் டைப் செய்த கட்டளைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஆகவே இப்போதைக்குப் படிப்பது மட்டும்.

(திரையில்: ப்ராக் கோப்புறையில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பு)

முதலில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறக்கிறோம். ரெய்டின் பெயருக்குப் பக்கத்தில் 'இன்ஆக்டிவ்' என்று இருக்கிறது. நான்கு டிஸ்கின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் 'எஸ்' என்ற எழுத்து. ஸ்பேர், அதாவது உபரி டிஸ்க், என்று பொருள். நான்கும் ஸ்பேராகிவிட்டதா என்று அலற வேண்டாம். தொடங்காத ரெய்டின் டிஸ்குகளை லினக்ஸின் மையமான கெர்னல் இப்படித்தான் காட்டும். எம்டிஆடத்தில் 'டீடெய்ல்' கேட்டால் சில பதிப்புகள் இன்னொரு படி மேலே போய், ரெய்டு 5-ஐ ரெய்டு 0 என்றே காட்டும். அதையும் நம்ப வேண்டாம்.

நம்ப வேண்டியது ஒவ்வொரு டிஸ்கிலும் எழுதியிருக்கும் சூப்பர்பிளாக்கை. இன்று வழக்கில் உள்ள 1.2 வகையில் அது டிஸ்கின், அல்லது பார்ட்டிஷனின், தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். இந்த டிஸ்க் எந்த ரெய்டைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது இடம், கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். 'எக்ஸாமின்' என்ற கட்டளை அதைப் படித்துக் காட்டும். நான்கு டிஸ்குக்கும் எடுத்து, வெளியீட்டை ஒரு பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாம் குழம்பிப்போனால் கையில் இருக்கும் ஒரே வரைபடம் அதுதான். கூடவே டிஸ்கின் சீரியல் எண்ணையும் எழுதிவையுங்கள். ஏ, பி, சி என்று லினக்ஸ் வைக்கும் பெயர் அடுத்த பூட்டில் மாறிவிடலாம்.

(திரையில்: நான்கு வெளியீடுகள் பக்கம் பக்கமாக, 'ஈவன்ட்ஸ்' வரி மஞ்சளில்)

இப்போது ஒரே ஒரு வரியைப் பாருங்கள்: ஈவன்ட்ஸ். ரெய்டின் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த எண் கூடும். எல்லா டிஸ்கிலும் சேர்ந்தே கூடும். நம் எடுத்துக்காட்டில் ஏ, பி இரண்டிலும் 48211. சி-யில் 48207. டி-யில் 31907.

கதை இங்கேயே தெரிந்துவிட்டது. டி எப்போதோ ரெய்டிலிருந்து விழுந்துவிட்டது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் இல்லாமலும் ஓடும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. இன்று சி-யும் விழுந்தது. மூன்றாவது இல்லாமல் இரண்டு டிஸ்கை வைத்துக்கொண்டு கெர்னல் என்ன செய்யும்? நின்றுவிட்டது.

உறுதிப்படுத்திக்கொள்ள, அதே வெளியீட்டின் கீழே 'அர்ரே ஸ்டேட்' என்ற வரி. இருக்கும் டிஸ்குக்கு 'ஏ' (ஆக்டிவ்) எழுத்து, இல்லாததற்குப் புள்ளி. ஏ, பி இரண்டும் சொல்வது: இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு புள்ளி. சி சொல்வது: மூன்று பேர், ஒரு புள்ளி. டி-யைக் கேட்டால் நான்கு பேரும் நலம் என்கிறது! பொய் சொல்லவில்லை. விழுந்த பிறகு அதில் யாரும் எழுதவில்லை. அது கடைசியாக அறிந்த உலகம் அதுதான்.

ஆக, எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே. ஏ, பி-யோடு சேர வேண்டியது சி. டி-யைச் சேர்த்தால் பழைய டேட்டாவும் புதிய டேட்டாவும் கலந்து, கோப்பு முறைமையே கந்தலாகிவிடும்.

ஆனால் கட்டளைக்கு முன்னால், சி ஏன் விழுந்தது? டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 199-ஆம் வரியில் சிஆர்சி பிழைகள் (டேட்டா வழியில் சிதைந்ததன் அடையாளம்) ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான், மாற்றுங்கள். 197-ஆம் வரியில் படிக்க முடியாத செக்டார்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்) காத்திருந்தால் டிஸ்கிலேயே கோளாறு. அப்படியானால் டிடிரெஸ்க்யூ என்ற நகல் கருவி கொண்டு சி-யை ஒரு புது டிஸ்குக்கு நகல் எடுத்து, நகலை வைத்து வேலை செய்யுங்கள். மூலத்தைக் கழற்றி ஓரமாக வையுங்கள்.

டிஸ்கும் கேபிளும் ஓரளவு நன்றாக இருந்தும் விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேசைக் கணினிக்கான டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால், நிமிடக்கணக்கில் விடாமல் முயலும். கெர்னலின் பொறுமையோ 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்கை ரீசெட் செய்யும். அதற்கும் அசையாவிட்டால் வெளியே தள்ளிவிடும். டிஸ்க் அனுமதித்தால் அதன் முயற்சியை 7 விநாடியில் நிறுத்தச் சொல்லலாம். அனுமதிக்காவிட்டால் கெர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துங்கள். பல டிஸ்குகள் மின்சாரம் போனால் இந்த அமைப்பை மறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பூட்டிலும் இது ஓட வேண்டும்.

(திரையில்: மூன்று கட்டளைகள், ஒன்றன் கீழ் ஒன்றாக)

இனி எழுதலாம். பாதி நிலையில் நிற்கும் ரெய்டை முதலில் 'ஸ்டாப்' செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த கட்டளை 'டிவைஸ் பிஸி' என்று திரும்பி வரும். பிறகு 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்', 'ரீட்ஒன்லி' மூன்றும் சேர்த்து, ஏ, பி, சி பெயர்களை மட்டும் கொடுங்கள். டி-யின் பெயர் அங்கே வரவே கூடாது. 'ஃபோர்ஸ்' சி-யின் ஈவன்ட்ஸ் எண்ணை மற்ற இரண்டுக்கும் சமமாகத் திருத்தி எழுதும்; கடைசி நேரத்து எழுத்துகள் சிலவற்றை இழக்கலாம் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். நான்கு எண் வித்தியாசத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். 16,000-க்கு மாட்டேன்.

ரெய்டு எழுந்ததும் கோப்பு முறைமையையும் படிக்க மட்டும் மவுன்ட் செய்யுங்கள். அது இஎக்ஸ்டி4 வகை என்றால் 'நோலோட்' சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) சரிசெய்ய அது எழுதப் பார்க்கும். முக்கியக் கோப்புகளை வெளியே எடுத்த பிறகே டி-க்குப் பதிலாகப் புது டிஸ்கைச் சேருங்கள். மீளமைப்பு நடக்கும்போது மூன்று டிஸ்கும் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படிக்கப்படும். நொண்டிக்கொண்டிருக்கும் டிஸ்க் உயிரை விடுவதற்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை.

'கிரியேட்' கட்டளை பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் யாராவது "மறுபடி கிரியேட் செய்துவிடு" என்று சொல்லியிருப்பார்கள். ரெய்டு 5-ஐ அப்படியே கிரியேட் செய்தால், எம்டிஆடம் கடைசி டிஸ்கை ஸ்பேராக வைத்து அதன்மேல் புதிதாகக் கணக்கிட்டு எழுதத் தொடங்கும். டிஸ்குகளின் வரிசை மாறியிருந்தால் எழுதியது குப்பை. அப்படி எழுதாமல் தடுக்கும் 'அஸ்யூம் கிளீன்' சேர்த்தாலும், சங்க் (ஒரு டிஸ்கில் தொடர்ச்சியாக எழுதும் துண்டு) அளவும் டேட்டா தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. சங்க்கின் இயல்பு அளவு முன்பு 64 கிலோபைட், இப்போது 512. சேமித்து வைத்த அந்த எக்ஸாமின் வெளியீடு இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டிஸ்குகளில் சூப்பர்பிளாக்கே காணோம் என்றால்? பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்கையும் ரெய்டில் சேர்த்தவர்களுக்கு இது நேரும். பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் ஜிபிடி அட்டவணை டிஸ்கின் முதல் 17 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். சூப்பர்பிளாக் இருப்பதோ 4-இல். டிஸ்கின் கடைசியில் பழைய ஜிபிடி நகல் ஒன்று கிடந்தால், சில மதர்போர்டுகள் உதவி செய்கிறேன் என்று அதை முன்னால் எழுதி, சூப்பர்பிளாக்கை அழித்துவிடும். கேட்காத உதவி!

ரெய்டு நன்றாக எழுந்து, பெயர் மட்டும் 0-க்குப் பதில் 127 என்று வந்தால் அது பெரிய விஷயமில்லை. எம்டிஆடத்தின் அமைப்புக் கோப்பில் ரெய்டின் வரியைச் சேர்த்து, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

அதே அமைப்புக் கோப்பில் மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு வரி உண்டு. டி விழுந்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது அதுதான். முகவரியைப் போட்டுவிட்டு, 'மானிட்டர்' கட்டளையை 'டெஸ்ட்' சேர்த்து ஓட்டுங்கள். சோதனைக் கடிதம் உண்மையில் உங்கள் பெட்டிக்கு வருகிறதா, ஸ்பேம் பக்கம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.