பின்சக்கரத்தை முதலில் பாருங்கள்: முதல் ரோடு சைக்கிள் வாங்குவோருக்கு

வணக்கம். திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னணியில் கேட்பது குப்பை வண்டியின் பாட்டு. அது அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், தம்மிடம் 35,000 ரூபாய் சேர்ந்திருப்பதாகவும், பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிக்குப் பிறகு தாம் வாங்கப்போகும் முதல் சைக்கிள் இதுதான் என்றும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வர எந்த ரோடு பைக் ஏற்றது என்றும் கேட்டிருந்தார். ரோடு பைக் என்று நம் வீடுகளில் சொன்னால் மோட்டார் சைக்கிள் என்றுதான் புரிந்துகொள்வார்கள்; என் தாயார் "லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்றே கேட்டார். ஆகவே நான் இனி ரோடு சைக்கிள் என்றே சொல்கிறேன்: வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட, சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்.

கடைக்குள் நுழைந்தவுடன் நம்மில் பலர் முதலில் நிறத்தைப் பார்க்கிறோம், பிறகு கியர்களின் எண்ணிக்கையைக் கேட்கிறோம், அதற்கும் பிறகு ஒரு கையால் தூக்கிப் பார்த்து எடையை மெச்சுகிறோம். நான் உங்களை முதலில் பார்க்கச் சொல்வது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை. அதைப் பார்க்காமல் வாங்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். 21 கியர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த என் முதல் வண்டியில், வாங்கிய ஐந்தாவது மாதம், முட்டுக்காடு பாலத்தை நெருங்கும்போது பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிரேக்கில் உரசத் தொடங்கியது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றிய அண்ணன், "ஆக்ஸில் ரெண்டா போயிருக்கு தம்பி" என்று சொல்லி இரு துண்டுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

அது ஏன் முறிந்தது என்பதை அன்று அவரோ நானோ விளக்கிச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. இப்போது சொல்கிறேன். பின்சக்கரத்தின் பற்சக்கரங்கள் இரண்டு விதமாகப் பொருத்தப்படுகின்றன. ஒன்றில், பெடலை நிறுத்தினாலும் சக்கரம் சுழல உதவும் அமைப்பு பற்சக்கரக் கொத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கொத்து முழுவதும் ஹப்பின் மீது மரையில் திருகி ஏற்றப்படுகிறது. இதற்கு ஃப்ரீவீல் என்று பெயர். இதில் வலப்பக்கத்து பேரிங் கொத்துக்கு உட்புறமாகத் தள்ளி அமைவதால், அதற்கு வெளியே அச்சின் நீண்ட பகுதி எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. ஏழு பற்சக்கரங்களின் அகலத்துக்கு அந்த நீளம் கூடிவிடுகிறது, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அங்கேதான் விழுகிறது. மற்றொன்றில் அந்த அமைப்பு ஹப்பின் ஒரு பகுதியாகவே செய்யப்பட்டு, பேரிங் ஏறத்தாழ வெளி விளிம்பிலேயே அமர்ந்துவிடுகிறது. பற்சக்கரங்கள் கேசட் என்ற பெயரில் அதன்மேல் செருகப்படுகின்றன. இதில் அச்சு முறிவது அரிது.

கடையில் நின்றபடியே இரண்டையும் பிரித்தறியலாம். கேமராவை அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு நடுவில், கருவியைச் செருகுவதற்கான பல் வரிசை ஒன்று தெரிகிறது. பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றும்போது அந்தப் பல் வரிசையும் சேர்ந்து சுழன்றால் அது கேசட். பற்சக்கரங்கள் மட்டும் சுழன்று நடுப்பகுதி அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல். இதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை. கடைக்காரர் முகம் சுளிக்கவும் மாட்டார். பொதுவாக ஏழு பற்சக்கரம் உள்ள மலிவு வண்டிகளில் ஃப்ரீவீலும், எட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில் கேசட்டும் இருக்கும். கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் வரிசையில் டூர்னி ஏழு, கிளாரிஸ் எட்டு, சோரா ஒன்பது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். டூர்னி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஹப்பைப் பார்க்காமல் டூர்னி வண்டியை வாங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அப்படியானால் கியர்களின் எண்ணிக்கை பொருட்டே இல்லையா என்று கேட்பீர்கள். பெடலோடு சேர்ந்து முன்னால் மூன்று பற்சக்கரம், பின்சக்கரத்தில் ஏழு என்பதைப் பெருக்கித்தான் 21 என்று எழுதுகிறார்கள். அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமானவை. சென்னை சமதரை. கத்திப்பாரா மேம்பாலம்தான் நம்முடைய மலை. முன்னால் 34 பல், பின்னால் 14 பல், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் வண்டி மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போகும்; முதல் ஆறு மாதங்களுக்கு உங்களுக்கு வேண்டியதெல்லாம் இந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள மூன்று நான்கு கியர்கள்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும் என்ற ஆசை பின்னாளில் வந்தால், அப்போது பின்பக்கம் 28 அல்லது 32 பல் கொண்ட பெரிய பற்சக்கரம் கைகொடுக்கும். எண்ணிக்கையைவிட, கியர் மாற்றும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். பிரேக் நெம்புகோலுடனேயே அது இணைந்திருந்தால் கையை எடுக்காமல் கியர் மாற்றலாம். ஹேண்டில்பாரின் நடுவிலோ தண்டிலோ இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கை பிடியை விட்டு விலகும். மாநகரப் பேருந்து இடப்பக்கம் ஒடித்து நிறுத்தத்துக்குள் நுழையும் ஊரில், அந்த ஒரு நொடிக்குப் பெரிய விலை உண்டு.

இங்கே எதிர்த்து நிற்பது மேடு அல்ல, காற்று. கோடையில் தெற்கிலிருந்து வீசும் காற்று மாமல்லபுரம் போகும்போது முகத்தில் அடிக்கும். வடகிழக்குப் பருவக்காலத்தில் திரும்பி வரும்போது அடிக்கும். வளைந்த ஹேண்டில்பாரின் பயன் அங்கேதான் விளங்கும்: கீழ்ப்பிடியைப் பற்றி உடலைத் தாழ்த்தினால் அதே உழைப்பில் வேகம் கூடுவது கண்கூடாகத் தெரியும். ஆனால் வண்டியின் அளவு உங்கள் உடலுக்குப் பொருந்தாவிட்டால் அந்தக் கீழ்ப்பிடியை நீங்கள் ஒருபோதும் தொடமாட்டீர்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை நிறுத்திய பிறகு கையை நீட்டிப் பிரேக் நெம்புகோலின் மேற்பகுதியைப் பிடியுங்கள். முழங்கை சிறிது மடங்கியிருந்தால் சரி. விறைத்து நீண்டுவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். "சீட்டை முன்னால் தள்ளிக்கலாம் சார்" என்று சொல்வார்கள். சீட் தள்ளுவது கால்களுக்காக. கைநீளத்தைச் சரிக்கட்ட அதைத் தள்ளினால் முழங்கால் வலியைச் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள்.

ஃப்ரேம் அலுமினியமா இரும்பா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் அலுமினியம் வாங்கினால் துருவைப் பற்றிய கவலை ஒன்று குறையும். எதை வாங்கினாலும் உப்புக்காற்றில் ஓட்டி வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். டிஸ்க் பிரேக் என்றதும் மயங்கிவிடாதீர்கள்: இந்த விலையில் கிடைக்கும் கம்பி இழுக்கும் டிஸ்க்கைவிட, ரிம்மைப் பிடிக்கும் நல்ல இரட்டைப் பிவட் (இரண்டு அச்சில் இயங்கும்) பிரேக்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

டயரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 23 மில்லிமீட்டர் அகல டயரைத் தவிர்த்துவிட்டு, 28 மில்லிமீட்டராவது நுழைய இடம் இருக்கும் ஃப்ரேமையும் பிரேக்கையும் தேடுங்கள். 32 நுழைந்தால் இன்னும் நல்லது. மழைக்குப் பின் வேளச்சேரிச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெல்லிய டயரில் காற்று குறைந்திருக்கும்போது பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். கார் டயருக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தம் வைப்பவர்களுக்கு, 70 கிலோ எடையுள்ளவர் ஓட்டும் இந்த 28 மில்லிமீட்டர் டயருக்கு 75, 80 வேண்டும் என்றால் நம்பிக்கை வராது. நீங்களே அளந்து அடித்துக்கொள்வதுதான் நல்லது.

அளந்து அடிக்க வால்வு ஒத்துவர வேண்டும். நம் ஊர்ப் பஞ்சர் கடை கம்ப்ரசரின் வாய், மோட்டார் சைக்கிளில் இருக்கும் தடித்த வால்வுக்கு ஏற்றது. பல ரோடு சைக்கிள்களில் இருப்பதோ ப்ரெஸ்டா என்னும் மெல்லிய வால்வு. அதன் நுனித் திருகைத் தளர்த்திய பிறகே காற்று ஏறும். சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வின் மேலேயே திருகி வைத்திருங்கள்; அது இல்லாமல் கோவளத்தில் நின்றால் அண்ணனிடம் கம்ப்ரசர் இருந்தும் பயனில்லை. இன்னொன்று, ரோடு சைக்கிளின் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். தாத்தா காலத்து 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் 635. "28 இஞ்ச் டயர் இருக்கு, போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பொருந்தாது.

இப்போது பணக் கணக்கு. 35,000 ரூபாயும் சைக்கிளுக்கு அல்ல. அளவுமானி உள்ள பம்ப், ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, பூட்டு, இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் ஆகியவற்றுக்காக 6,000 முதல் 7,000 வரை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலைச்சீட்டை ஒட்டியபடியே பேசும் கடையில் அதை நினைவூட்டலாம். மீதமிருக்கும் 28,000 ரூபாயில் புதிய வண்டி என்றால் பெரும்பாலும் ஏழு கியர்தான் கிடைக்கும். அதே பணத்துக்கு, ஒருவர் ஓட்டிய எட்டு அல்லது ஒன்பது கியர் வண்டியைத் தேடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். 2020, 2021 ஆண்டுகளின் ஊரடங்குக் காலத்தில் ஆர்வமாக வாங்கப்பட்டு, பிறகு பால்கனியில் துணி காயவைக்கும் கொடியாக மாறிப்போன நல்ல சைக்கிள்கள் இந்த நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிறையவே இருக்கின்றன.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு அடிக்கோலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஊசி ஒன்றின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, அடுத்த ஊசியை ஒன்று என்று எண்ணி அளந்தால், புதிய செயினில் இருபத்துநான்காவது ஊசி மிகச் சரியாக 12 இஞ்சில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்று கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சீட் தண்டு மேலும் கீழும் நகர்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால் அது ஃப்ரேமுக்குள் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் புது டயர் விலையையும் கழித்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணை அசல் பில்லோடு ஒப்பிடுங்கள்; பில் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அந்தக் கவிழ்த்த நிலையிலேயே பற்சக்கரங்களைப் பின்னோக்கி ஒருமுறை சுழற்றி, நடுவில் இருக்கும் பல் வரிசை சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விலையைப் பேசத் தொடங்குங்கள்.