லேன் வயருக்குள் போன் சிக்னல்: இரைச்சல் எங்கே ஏறுகிறது?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து கதைக்கிறேன். நடுவில் ரயில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கடற்கரை லைன் கிட்டத்தில்தான் இருக்கிறது.

இங்கே தொடர்மாடிகளில் கார் விடும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் போன் செத்துவிடும், தெரியும்தானே. அதற்காகப் புறக்கோட்டையில் கிடைக்கிற பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அது சட்டப்படி பிழை, பக்கத்து வீட்டுக்காரரின் சிக்னலையும் கெடுக்கும். போன் கம்பனிகள் செய்கிற ஒரு வழி, கட்டடத்துக்குள் சின்னச் சின்ன அன்ரனாக்களைப் பூட்டி, அவற்றுக்கு லேன் வயர் வழியாகவே ரேடியோ சிக்னலை அனுப்புவது. எரிக்சன் 2013 இல் அறிமுகப்படுத்திய ரேடியோ டொட் அந்த வகைதான்.

ஆனால் 1800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை அப்படியே செம்புச் சோடிக்குள் விட முடியாது. கேட் ஃபைவ் ஈ என்கிற சாதாரண லேன் வயர் 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உத்தரவாதம். அந்த 100 இலேயே, 100 மீட்டர் ஓடினால் சுமார் 22 டெசிபெல் போய்விடும். 1800 என்றால் கணக்குப்படி 90 ஐத் தாண்டும். அதாவது நூறு கோடியில் ஒரு பங்குகூட மறுமுனைக்கு வராது. அதனால் சிக்னலைக் கீழே, சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி அனுப்பி, அன்ரனாவடியில் திரும்ப மேலே ஏற்றுகிறார்கள். இடைநிலை அதிர்வெண் என்பது அதுதான்.

சரி, எந்த அதிர்வெண்ணுக்கு இறக்குவது? மேசையைப் பாருங்கள். 20 மீட்டர் வயர், நுனியில் ஒரு சாண் தோல் உரித்திருக்கிறேன். செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்று நாலு சோடி. வடிவாகப் பாருங்கள், நாலின் முறுக்கும் ஒன்றுபோல இல்லை. முறுக்கியிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறும், வாங்குகிற பக்கம் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். கிரகாம் பெல் 1881 இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். முறுக்கின் அளவு சோடிக்குச் சோடி மாறுவது, ஒன்று கதைப்பது மற்றதற்குக் கேட்காமலிருக்க.

இந்தச் சோடியின் தூர முனையில் 100 ஓம் தடை. இந்த முனை யூ.எஸ்.பி. ரேடியோ டொங்கிளில், அதாவது கம்பியூட்டரில் செருகும் சின்ன ரேடியோ வாங்கியில், ஒரு கம்பி நடு ஊசிக்கு, மற்றது உறைக்கு. திரையில் 88 இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை பாருங்கள், வேலிக் கம்பு நட்டமாதிரி கொழும்பு எஃப்.எம். நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. வயரே அன்ரனா ஆகிவிட்டது. இப்போது நடுவில் இந்த பேலனைப் போடுகிறேன், இரண்டு கம்பிக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துத் தருகிற, ஃபெரைட் வளையத்தில் கம்பி சுற்றிய சின்னச் சாமான்... பாருங்கள், கம்புகள் குட்டையாகிவிட்டன. ஆனாலும் மறையவில்லை. அந்த மிச்சத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, சிக்னலை 88 க்குக் கீழே வைத்துவிடுவது புத்தி. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமான எல்.டி.இ., அதாவது 4ஜி அலை ஒன்று, இரண்டு அங்கே தாராளமாக அடங்கும்.

அடுத்தது வயருக்குள்ளேயே நடக்கிற சண்டை. போனிலிருந்து வரும் சிக்னல் 100 மீட்டர் ஓடிக் களைத்து வரும் இடத்தில், போனுக்குப் போகும் சிக்னல் முழுப் பலத்தோடு புறப்படுகிறது. அது பக்கத்துச் சோடிக்குக் கசிந்தால் களைத்து வந்தது மூழ்கிவிடும். போனுக்குப் போவதையும் போனிலிருந்து வருவதையும் வேறு வேறு அதிர்வெண்ணில் வைத்து, ஃபில்டர் போட்டுப் பிரிக்க வேண்டும். இரண்டும் மாறி மாறி நேரம் பகிரும் டி.டி.டி. என்றால் இந்தத் தலையிடி அவ்வளவு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மைமோ, அதாவது பல அன்ரனாக்களால் ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் பல தரவு ஓடைகளை அனுப்புவது. ஒரே அன்ரனாப் பெட்டியின் இரண்டு மைமோ ஓடைகளை இரண்டு சோடியில் ஒரே அதிர்வெண்ணில் அனுப்பினால், தூர முனையில் ஒன்றுக்குள் ஒன்று கசியும். நான் முதலில் இது பெரிய பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இரண்டும் காற்றில் எப்படியும் கலக்கத்தான் போகின்றன, கலந்ததைப் பிரிப்பது போனின் அன்றாட வேலை. வயரில் கலந்ததையும் அது அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடும், கசிவு அளவோடு இருக்கும்வரை. வேறொரு பெட்டிக்குரிய சிக்னல் கசிந்தால் அந்தச் சலுகை இல்லை, அதை யாரும் பிரித்துத் தரமாட்டார்கள். ஆகவே முறுக்கு நெருக்கமான சோடியை எந்தச் சிக்னலுக்குக் கொடுப்பது என்று யோசிக்கிறபோது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

அப்புறம் இது. கோட்டையில் ஒரு கட்டடம், ஆறாம் மாடியில் மட்டும் கோல் வெட்டி வெட்டி வந்தது. ஜெனரேட்டரைச் சந்தேகித்தோம், லிஃப்ட் மோட்டரைச் சந்தேகித்தோம், ஒரு முழுநாள் போனது. கடைசியில் வெட்டியெடுத்த கனெக்டர் இதோ என் கையில். கேட் ஃபைவ் ஈயில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. அடிமட்டத்தைப் பிடிக்கிறேன்... 40. இதை அடித்தது நான்தான்.